கேமரா முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பார்க்கட்டும்: ஓர் இணையவழிக் கணக்கு டியூஷன்

என் மகள் சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு டிஸ்கால்குலியா எனப்படும் கணிதக் கற்றல் குறைபாடு இருப்பது, எட்டாம் வகுப்பு முடியும் தறுவாயில்தான் மதிப்பீட்டில் தெரிய வந்தது. தடிமனான கதைப் புத்தகத்தை இரண்டே நாளில் படித்து முடிப்பவள், கடையில் 50 ரூபாய் கொடுத்து 37 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்டால் இன்றும் திணறிப்போவாள். கடந்த பத்து மாதங்களாக ஒரு சிறப்பாசிரியையிடம் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், இணையவழியில் தனி வகுப்பு நடக்கிறது. குறைகளையும் சேர்த்தே எழுத வேண்டியிருப்பதால் அவர் பெயரைத் தவிர்க்கிறேன்.

இதற்கு முன் ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கு வகுப்பில் சேர்த்திருந்தோம். அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். வகுப்பு முடிந்ததும் யார் முதலிடம் என்ற பட்டியல் வரும். ஆறு வாரம் தாங்கினாள். அதன்பின் வகுப்பு உள்ள நாட்களில் மட்டும் வயிற்றுவலி வரத் தொடங்கியது, நிறுத்திவிட்டோம்.

இப்போதைய ஆசிரியை முதல் நாளே ஒன்றைக் கேட்டார். கைப்பேசியை முகத்துக்கு நேரே வைக்காமல், நோட்டுப் புத்தகத்தின் மேல் குனிந்து பார்க்கும்படி வைக்கச் சொன்னார். இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கி, அதன் மேல் ஒரு மரப்பலகையை நீட்டிக் கைப்பேசியைப் பொருத்தினோம். விடை தவறு என்பது திருத்தும்போது எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் பென்சில் நின்றது, எதை எழுதி அழித்தாள் என்பது கையைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். 8-உடன் 5-ஐக் கூட்டச் சொன்னபோது, அவள் எட்டிலிருந்து தொடராமல் மறுபடியும் ஒன்றிலிருந்தே எண்ணுகிறாள் என்பதை முதல் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டார். பதினான்கு வருடம் உடனிருந்த நான் அதைக் கவனித்ததே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

அவர் கற்பிக்கும் முறைக்கு ஒரு வகுப்பைச் சொன்னால் போதும். குறை எண்களைப் பொறுத்தவரை, "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்" என்ற ஒரே ஒரு வரியைத்தான் என் மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்தாள்; அதனால் −3 − 2 என்றால் தயங்காமல் 5 என்று எழுதிவிடுவாள். இரு நிறச் சில்லுகள் வேண்டும் என்று ஆசிரியை கேட்டபோது, என் மாமியார், தாயம் ஆடுவதற்குச் செய்வது போலவே, இருபது புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக் கொடுத்தார். வெள்ளைப் பக்கம் மிகை, கறுப்புப் பக்கம் குறை; ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூஜ்யம். மூன்று கறுப்புகளை வைக்கச் சொல்லி, "இதிலிருந்து ரெண்டு வெள்ளையை எடும்மா" என்றார். "வெள்ளையே இல்லையே மிஸ்" என்றாள் மகள். "மொத்த மதிப்பு மாறாம வெள்ளையைக் கொண்டுவர முடியுமான்னு பாரு" என்று சொல்லிவிட்டு அவர் பேசாமல் இருந்தார். அறைக்கு வெளியே நின்ற எனக்கு, இணைப்புதான் அறுந்துவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு நீண்டது அந்த மௌனம். பிறகு என் மகள் இரண்டு வெள்ளைகளையும் இரண்டு கறுப்புகளையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்தாள்; வெள்ளை இரண்டையும் எடுத்தாள்; மிஞ்சியதை இரண்டு முறை எண்ணிவிட்டு, "மைனஸ் அஞ்சா?" என்றாள். அதையே எண்கோட்டில் வரைய வைத்து, கடைசியில்தான் எண்களாக எழுத வைத்தார். பொருள், படம், குறியீடு என்ற இந்த வரிசை புதியதல்ல. உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் வகுத்துச் சொன்னதுதான். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதை வெட்கப்படாமல், அவசரப்படாமல் செய்துகாட்டும் ஆசிரியர் கிடைப்பது அரிது.

குறைகள் இல்லாமல் இல்லை. வடிவியல் இந்த வழியில் சரிப்படவில்லை. காம்பஸின் முனை நழுவும்போதோ, கோணமானியைத் தலைகீழாக வைக்கும்போதோ, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை நான்தான் செய்தேன். பயிற்சித் தாள்களில் வாக்கியக் கணக்குகள் நீண்ட ஆங்கிலத்தில் இருக்கின்றன. சுருக்கித் தரும்படி பலமுறை கேட்ட பிறகே மாற்றினார். பள்ளியில் நடக்கும் பாடத்தை அவர் துரத்துவதில்லை. பள்ளியில் பல்லுறுப்புக் கோவை நடந்த மாதம் முழுவதும் இங்கே இடமதிப்பும் பின்னமும்தான் நடந்தன, அதனால் அரையாண்டுத் தேர்வில் 80-க்கு 19 மதிப்பெண்தான் வந்தது. காலாண்டில் வந்தது 11. மதிப்பெண்ணை மட்டும் எதிர்பார்த்துச் சேர்ப்பவர்கள் இரண்டாம் மாதமே பொறுமை இழந்துவிடுவார்கள். ஒரு வகுப்புக்கு 600 ரூபாய் என்பதும் எங்களைப் போன்ற குடும்பத்துக்குப் பாரமே.

டியூஷனுக்கு அப்பாற்பட்ட ஓர் உதவியையும் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது என்பதும், உரிய சான்றிதழ் இருந்தால் சிபிஎஸ்இயின் மூன்று மணி நேரப் பொதுத்தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். 2020 பொதுத்தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கில் பேசிக், ஸ்டாண்டர்டு என இரண்டு தாள்கள் இருப்பதையும், பாடத்திட்டம் இரண்டுக்கும் ஒன்றே, வினாத்தாளின் கடினம்தான் வேறு என்பதையும் அவரே பொறுமையாக விளக்கினார். சான்றிதழுக்கான வேலையை உடனே தொடங்கச் சொல்லி அவர் வற்புறுத்தியிராவிட்டால், நாங்கள் கடைசி நேரத்தில்தான் அலைந்திருப்போம்.

சேர்க்க நினைப்பவர்கள், யாரிடம் சேர்த்தாலும், முதலில் ஒரே ஒரு வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, பிள்ளை யோசிக்கும்போது ஆசிரியர் எத்தனை நொடியில் குறுக்கிடுகிறார் என்று கவனியுங்கள். நாங்கள் அடுத்த கல்வியாண்டுக்கும் இவரிடமே தொடரப் போகிறோம், வடிவியலுக்கு மட்டும் வீட்டருகில் நேரில் கற்றுத்தர ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். சென்ற வாரம் வகுப்பு முடிந்த பிறகும் அந்த டப்பாக்களைக் கலைக்காமல், புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, என் மகள் தன் தம்பிக்கு −4-லிருந்து −6-ஐக் கழித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.