ஆல்ஜினேட்டா, கைட்டோசானா, ஜெலட்டினா: புரதத்தைச் சுமக்க எது தோது?

காயத்தை ஆற்றும் பிஎஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை நானோ துகளில் ஏற்ற வேண்டும். அது நாள்கணக்கில் மெதுவாக வெளியேற வேண்டும். இதுதான் எங்கள் தேவை. கடற்பாசி தரும் ஆல்ஜினேட், இறால் ஓடு தரும் கைட்டோசான், மாட்டெலும்பும் பன்றித்தோலும் தரும் ஜெலட்டின் என்று மூன்று பொருள்கள் போட்டியில் இருந்தன. நான் ஜெலட்டினைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசலும் அதன் பக்கம்தான் சாயும்.

மூன்றும் எளிதில் கிடைப்பவை, செல்களுக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாதவை. அதில் தகராறு இல்லை. விலங்குப் பொருளே கூடாது என்பவருக்கு ஆல்ஜினேட்தான் வழி. மண்டபம் பக்கத்துக் கடலோரத்தில் அதற்கான சர்காசம் பாசியைச் சேகரிப்பது பழைய தொழில்.

கைட்டோசானை நான் முதலிலேயே ஒதுக்கினேன். செய்முறையைப் பொறுத்தவரை அதை மிஞ்ச ஆளில்லை. ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா பல்கலைக்கழகக் குழு 1997இல் காட்டியபடி, எதிர்மின்சுமையுள்ள டிரைபாலிபாஸ்பேட் என்ற உப்பின் கரைசலைச் சேர்த்துக் கலக்கினாலே துகள் உருவாகிவிடும். ஆனால் கைட்டோசானின் மின்சுமை நேர். எங்கள் புரதத்தின் சமமின்புள்ளி, அதாவது அதன் மின்சுமை சுழியாகும் pH, ஏறத்தாழ 9.6. உடலின் pH அதைவிடக் குறைவு என்பதால் அதுவும் நேர். இரண்டும் ஒட்டாது. சமமின்புள்ளி 5 அளவில் உள்ள இன்சுலினுக்கோ ஆல்புமினுக்கோ என்றால் கைட்டோசானைத் தாராளமாக எடுக்கலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிஎஃப்ஜிஎஃப் விலை அதிகம் என்பதால் ஒத்திகைக்கு முட்டை வெள்ளைக்கருவின் லைசோசைமைப் பயன்படுத்துவோம். கைட்டோசானை அரிக்கும் நொதியே அதுதான்!

ஆல்ஜினேட்டுக்கு எதிர்மின்சுமை, ஆகவே புரதம் நன்றாகவே ஏறும். சிக்கல் இறங்கும்போதுதான். ஆல்ஜினேட் இழைகளைப் பிணைத்து வைத்திருப்பது கால்சியம். பாஸ்பேட் கலந்த உப்புக்கரைசலில் போட்டால் சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கும். பாஸ்பேட்டோ கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். துகள் தளர்ந்து, புரதம் மொத்தமாகக் கொட்டிவிடும்.

முடிவை எடுக்க வைத்தது இந்த வெளியேற்றம்தான். ஜெலட்டினைக் காரத்தில் பதப்படுத்தினால் சமமின்புள்ளி 5ஐ ஒட்டி நிற்கும். அமிலத்தில் என்றால் 9 வரை போகும். ஆகவே ஏற்றும் புரதத்துக்கு எதிரான மின்சுமையுள்ள ஜெலட்டினைக் கேட்டு வாங்கலாம். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் தபாதாவும் இகாதாவும் பிஎஃப்ஜிஎஃப்-ஐச் சமமின்புள்ளி 5 உள்ள ஜெலட்டினுடன் சேர்த்தது இந்தக் கணக்கில்தான். தொடக்கத்தில் ஒரு பங்கு கசிந்துவிடும், அதை மறைப்பதற்கில்லை. மீதி அசையாது, கொலாஜினேஸ் போன்ற நொதி ஜெலட்டின் வலைப்பின்னலைக் கரைக்கக் கரைக்கத்தான் வெளியே வரும். ஜெலட்டின் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப்பிணைப்பை இறுக்கினால் வெளியேற்றம் தாமதமாகும், தளர்த்தினால் விரைவுபடும். கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது.

செய்முறையின் வரிசையும் எனக்குப் பிடித்தது. முதலில் வெறும் துகள், அதன் சங்கிலிகளைப் பிணைக்கக் குளூட்டரால்டிஹைடு, எஞ்சிய ஆல்டிஹைடை அடக்கக் கிளைசின், பிறகு கழுவி உலர்த்தல். புரதக் கரைசலை உறிஞ்சவிடுவது கடைசியில்தான். விலை உயர்ந்த புரதம் குறுக்குப்பிணைப்பியின் முகத்திலேயே விழிப்பதில்லை. துகள் செய்யும்போது ஜெலட்டினைப் படியவைக்கும் அசிட்டோனை இரண்டு கட்டமாகச் சேர்ப்பதை மட்டும் தவிர்க்கக் கூடாது. முதல் கட்டத்தில் படியும் நீளச் சங்கிலிகளை வைத்துக்கொண்டு, மேலே நிற்கும் குட்டைச் சங்கிலிகளைக் கொட்டிவிட வேண்டும். அவை இருந்தால் துகள்கள் திரண்டுவிடும்.

தொல்லைகளும் உண்டு. ஜெலட்டினே ஒரு புரதம் என்பதால், மொத்தப் புரதத்தை அளக்கும் பிசிஏ சோதனை சுமப்பதையும் சுமக்கப்படுவதையும் சேர்த்தே எண்ணும். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் கண்டறியும் எலைசா சோதனை செய்தாக வேண்டும், செலவு கூடும். குளூட்டரால்டிஹைடின் நச்சுக்கு அஞ்சி ஜெனிபின் என்ற வேறு பிணைப்பிக்கு மாறினால் துகள் நீலமாகிவிடும். புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு சோதனையின் நிறமும் நீலம்தான், இரண்டும் குழம்பும்.

என் அனுபவமெல்லாம் ஆய்வுக்கூடக் குழாய்க்குள்தான். அங்கே நொதியின் அளவை நானே தீர்மானிக்கிறேன். ஆறாத நீரிழிவுப் புண்ணில் இத்தகைய நொதிகள் மிகுந்திருக்கும். அங்கே இதே துகள் சீக்கிரமே கரைந்துவிடலாம் என்பதால், அதற்கென்று செய்பவர்கள் பிணைப்பை இன்னும் இறுக்கித் தொடங்குவது நல்லது. வாய்வழிப் புரத மருந்து என்றால் என் பரிந்துரை ஆல்ஜினேட்: இரைப்பை அமிலத்தில் சுருங்கி, குடலில் விரியும்.