பவளத் தொட்டியைக் குளிர்விக்க: ராமநாதபுரம் கரையில் சில்லரா, ஃபேனா?

கடல் மீனும் பவளமும் வளர்க்கும் வீட்டுத் தொட்டிக்கு வேண்டிய விளக்கு, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் மூன்றிலும் தொண்டியில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நல்லதாகப் பார்த்து வாங்கினால் போதும். தண்ணீரைக் குளிர்விக்கும் சாமானில்தான் நம் கரைக்கு என்று தனிக் கணக்கு போட வேண்டியிருக்கிறது. ஃபேன், தண்ணீரைச் சுழலவிட்டு ஃப்ரிட்ஜ் போலக் குளிர்விக்கும் சில்லர், அறைக்கு ஏசி என மூன்று வழி உண்டு. என் சாய்வு சில்லர் பக்கம்தான். அதற்குக் காரணம் குளிர்ச்சி பாதி, நல்ல தண்ணீர் பாதி.

கணக்குக்கு நான்கடித் தொட்டி, கீழே உள்ள துணைத் தொட்டியான சம்ப் சேர்த்து 300 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே கோமாளி மீன், மஷ்ரூம், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள். கல் செயற்கைக் கல். கடலில் இருந்து கல்லோ பவளமோ எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. கடினப் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தீவுகள் தேசிய கடற்பூங்காவுக்குள் வருகின்றன. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறை மண்டபம் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலேயே கைவந்த ஒன்று என்பதால், வளர்ப்பு மீனையே கேட்டு வாங்கலாம்.

குளிர்விக்காமலே விட்டால் என்ன என்று கேட்பவர்கள் மன்னார் வளைகுடாவைப் பார்த்தால் போதும். 2010இலும் 2016இலும் கோடையில் கடல் சூடேறி அங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அத்தனை ஆழமும் நீரோட்டமும் உள்ள கடலுக்கே அந்த நிலை. 300 லிட்டர் தண்ணீர் 31, 32 டிகிரியில் வாரக்கணக்கில் நின்றால் மென்பவளமும் சுருங்கிப்போகும்.

ஃபேன் என்ன செய்யும்?

சம்ப் மேல் 120 மில்லிமீட்டர், 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டைச் சாய்வாக மாட்டி, காற்று நீர்ப்பரப்பைத் தடவிக்கொண்டு போகும்படி வைப்பார்கள். செலவு சில நூறு ரூபாய். கரண்ட் பத்து வாட்டுக்குள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான் தத்துவம். வறண்ட காற்று என்றால் இது அருமையாக வேலை செய்யும். கரையோரக் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் ஓர் எல்லைக்குக் கீழே தண்ணீர் இறங்காது.

அந்த எல்லை எது என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். தெர்மாமீட்டர் முனையில் ஈரப் பஞ்சைச் சுற்றி, தொட்டி இருக்கும் அறையிலேயே ஃபேனுக்கு முன்னால் பத்து நிமிடம் பிடியுங்கள். இறங்கி நிற்கும் எண்ணே எல்லை. விளக்கும் பம்பும் சூடு கொடுத்துக்கொண்டே இருப்பதால் தொட்டி அதைவிட ஒன்று, ஒன்றரை டிகிரி மேலேதான் நிற்கும். மே மாதப் பகலில் அறை 33 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பஞ்சு 28ஐ ஒட்டிக் காட்டும். அப்படியானால் தொட்டி 29, 29.5. உயிர் பிழைக்கும் அளவுதான், செழிக்கும் அளவு அல்ல. பரமக்குடி, கமுதி பக்கம் 38 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கும் நாளில் அதே பஞ்சு 25ஐ ஒட்டிக் காட்டும். அங்கே ஃபேன் போதும். மாவட்டம் ஒன்றுதான், காற்று வேறு.

இன்னொன்று, ஃபேன் வைத்த அறையின் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தொட்டியிலிருந்து எழும் ஈரம் வெளியேறாவிட்டால் அறையின் ஈரப்பதம் ஏறிக் குளிர்ச்சி அங்கேயே நின்றுவிடும்.

இதுவரை சொன்னது எல்லோரும் சொல்வதுதான். இனி வருவதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

நல்ல தண்ணீர்க் கணக்கு

விளக்கு, சம்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப், வேவ்மேக்கர், ஸ்கிம்மர் எல்லாம் சேர்ந்து தண்ணீருக்குள் விடும் சூட்டை ஆவியாக்கித் தள்ள, கோடையில் நாளொன்றுக்கு 6 முதல் 8 லிட்டர் வரை போகும். உப்பு ஆவியாவதில்லை. போன அளவுக்கு உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஒரு வாரம் விட்டுவிட்டால் ஆயிரத்துக்கு 35 என்று இருந்த உப்புத்தன்மை 40ஐத் தாண்டிவிடும்.

அந்த உப்பில்லாத தண்ணீர் எங்கிருந்து வரும்? கரையோர போர் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ளன என்று காட்டுவது) 2000, அதற்கு மேல் காட்டுவது சர்வ சாதாரணம். காவிரிக் கூட்டுக் குடிநீர் கிடைத்தால் புண்ணியம். ஆனால் குழாயில் எந்த நாளில் எத்தனை மணிக்கு வரும் என்பது ஊருக்கு ஊர் மாறும். வீட்டு ஆர்ஓவில் ஒரு லிட்டர் எடுக்க மூன்று லிட்டர் கழிவாகப் போகும் என்று வைத்தால், 7 லிட்டருக்கு 28 லிட்டர் உள்ளே விட வேண்டும். வீட்டுக்குத் தண்ணீர் வண்டி வரும் தெருவில், மீன் தொட்டிக்கு மட்டும் நாளுக்கு இரண்டு குடம்.

அப்படி வந்த தண்ணீரும் சுத்தமில்லை. 2000 டிடிஎஸ் உள்ளே போனால், நல்ல மெம்பிரேன்கூட 100ஐ ஒட்டித்தான் வெளியே விடும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர, மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வேண்டும். 100 டிடிஎஸ் தண்ணீரில் ஒரு லிட்டர் ரெசின் 200, 250 லிட்டரோடு தீர்ந்துவிடும். நாளுக்கு 7 லிட்டர் என்றால் மாதம் 210 லிட்டர். மாதத்துக்கு ஒரு லிட்டர் ரெசின் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரெசின் வேண்டாம் என்று 100 டிடிஎஸ் தண்ணீரையே ஊற்றினால் மாதத்துக்கு 20 கிராமுக்கு மேல் வேண்டாத உப்புகள் தொட்டிக்குள் சேரும். அதில் சிலிகேட் கொஞ்சம் இருந்தாலே கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்ந்துகொண்டே இருக்கும். 20 லிட்டர் கேன் தண்ணீருக்கும் இதே கதைதான், ருசிக்காகத் தாதுக்கள் கலந்திருப்பார்கள். வீட்டு ஆர்ஓவிலிருந்தே பிடிப்பதானால், மினரல் கார்ட்ரிட்ஜுக்கும் டிடிஎஸ் கண்ட்ரோல் வால்வுக்கும் முன்னாலேயே ஒரு டீ வடிவ இணைப்பு போட்டு எடுக்க வேண்டும்.

ஃபேன் மலிவு என்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ உப்புப் பொடி கலந்து கடல் தண்ணீர் தயாரிக்கவே ஆர்ஓ-டிஐ வாங்கியாக வேண்டும். இருக்கிற கருவியில் இன்னும் கொஞ்சம் பிடிப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. நமக்கு வாராந்தர மாற்றுத் தண்ணீரைக் கடல் தருகிறது. துறைமுகம், இறால் பண்ணைக் கழிவு வாய்க்கால் இரண்டையும் விட்டு விலகி, நீர் ஏறியிருக்கும் நேரத்தில் எடுத்து, 5 மைக்ரான் பையில் வடித்து, இருட்டில் ஒரு வாரம் வைத்தால் ஆயிற்று. ஊற்றும் முன் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பாக் நீரிணைப் பக்கத் தண்ணீரில் உப்பு குறைந்திருக்கும். பூங்கோரை என்னும் பாசி பெருகிக் கடல் பச்சையாக இருக்கும் நாட்களில் எடுக்கவே வேண்டாம். 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் அது வந்தபோது மீன்கள் செத்து ஒதுங்கின. ஆக, இந்தக் கரையில் நல்ல தண்ணீர் தேவைப்படுவது ஆவியாகிப் போனதை ஈடுகட்ட மட்டும். அந்தத் தேவையைப் பெருக்குவது ஃபேன், குறைப்பது சில்லர்.

சில்லர் வைத்த தொட்டியில் ஃபேன் ஓடாது, தண்ணீரும் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் போனால் அதிகம். ஈரம் கூடிய நாளில் அதுவும் போகாது. ரெசின் மாதக்கணக்கில் வரும். ஆவியான அளவைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் இல்லாமலே, காலையில் ஒரு சொம்பு ஊற்றிச் சமாளிக்கலாம். ஃபேன் தொட்டியில் ஆட்டோ டாப்-அப் தவிர்க்க முடியாத ஒன்று. அதன் மிதவை ஒட்டிக்கொண்டால் 20 லிட்டர் கேன் முழுதும் ஒரே இரவில் சம்புக்குள் இறங்கி உப்புத்தன்மையை 33க்குக் கீழே தள்ளிவிடும். அதனால் ஃபேன்தான் வைப்பேன் என்பவர்கள் டாப்-அப் கேனைப் பத்து லிட்டருக்கு மேல் வைக்கக் கூடாது.

சில்லரை எப்படிப் பார்த்து வாங்குவது

300 லிட்டருக்குக் கால் குதிரைத்திறன். குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கே போதும் என்பது ஏசி அறைக்காரர் கணக்கு. நம் கோடையில் அது நிற்காமல் ஓடியே செத்துப்போகும். உள்ளே தண்ணீரைத் தொடும் சுருள் டைட்டானியமாக இருக்க வேண்டும். கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகையைத் தொடவே வேண்டாம். விலை இருபதாயிரத்தைத் தாண்டும், அதை மறைத்துப் பேச முடியாது. கரண்ட் 300 வாட்டை ஒட்டி. கோடையில் பாதி நேரம் ஓடினால் நாளுக்கு மூன்றரை யூனிட், இரண்டு மாத பில்லில் 200 யூனிட்டுக்கு மேல். வீட்டு உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டும் விளிம்பில் இருந்தால் ஸ்லாப் மாறும் இடிதான் வலிக்கும்.

அந்தச் செலவைக் குறைக்கும் வழி வெப்பநிலையை 25இல் வைக்காமல் இருப்பது. 27இல் நிற்கட்டும், 28இல் ஓடட்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அறை 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்ற நிலையில் 27ஐ ஒட்டிய எந்தப் பரப்பிலும் பனி படியத் தொடங்கும். 25க்கு இறக்கிய தொட்டியின் கண்ணாடி வெளிப்புறம் வியர்த்து வழியும். பிளைவுட் ஸ்டாண்ட் ஊறி, விளிம்பு பிரிந்து, உப்பும் ஈரமும் சேர்ந்து பிளக் பாயிண்டுக்குள் இறங்கும். ஸ்டாண்டுக்கு அலுமினிய சட்டமும் மேலே கடப்பா கல்லும்தான் என் தேர்வு. ஒயர் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும், சொட்டும் நீர் அந்த வளைவில் விழுந்துவிடும். தொட்டி லைனுக்கு, கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம்.

சில்லரைக் கொல்வது கடற்காற்று. சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் அலுமினிய இதழ்களில் முதலில் வெள்ளைப் பூச்சு போலத் தெரியும். அடுத்த கோடையில் விரலால் தடவினால் மாவாக உதிரும். சோளகக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை உப்பும் மணலும் சேர்ந்தே வரும். எனவே காற்று வரும் பக்கத் திண்ணையில் வைக்காதீர்கள். ஸ்டாண்டுக்குள்ளும் வைக்காதீர்கள், தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு ஓடும். கூரை உள்ள கொல்லைப்புறம் அல்லது நடைபாதை, நாலு பக்கமும் ஓர் அடி இடம், சுவரில் துளை போட்டு ஹோஸ், ஹோஸ் மேல் ஏசி குழாய்க்குப் போடும் கறுப்பு நுரை உறை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, மென்மையான பிரஷ்ஷால் இதழ்கள் போகும் திசையிலேயே தட்டி, ஸ்ப்ரேயரில் நல்ல தண்ணீர் தெளித்துத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள்.

உள்பக்கமும் கவனிக்க வேண்டும். கடல் தண்ணீரோடு, பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் கொட்டலசுகளின் குஞ்சுகள் வரும். சில்லருக்குப் போகும் பம்பின் வாயில் ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் சுருளில் ஒட்டி வளர்ந்து ஓட்டத்தைக் குறைத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பங்கு வெள்ளை வினிகர், நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஒரு பக்கெட்டில் வைத்து ஒரு மணி நேரம் சுழலவிட்டு, நல்ல தண்ணீரில் அலசினால் சரி. மணிக்கு 1000 லிட்டருக்குக் குறையாத ஓட்டம் வேண்டும்.

பழுது வந்தால்? கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜில் இருப்பது போன்றதுதான். ஆர்134ஏ கேஸ் உள்ள மாடல் என்றால் ராமநாதபுரத்திலேயே ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கேஸ் ஏற்றிவிடுவார். கண்ட்ரோல் போர்டு உப்பில் அரித்துப்போனால் எஸ்டிசி-1000 போன்ற வெளிக் கண்ட்ரோலர் ஒன்றைப் போட்டு ஓட்டலாம். சுருள் விட்டுப்போனால் மட்டும் வழியில்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் சில்லர்கள் கரண்ட் குறைவாகத்தான் இழுக்கின்றன, ஆனால் இந்தக் காற்றில் அவற்றின் போர்டு எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

கரண்ட் போனால் சில்லர் வீண் என்று பயமுறுத்துவார்கள். பம்புகளும் நின்றுவிட்ட 300 லிட்டர் தண்ணீர் அறைச் சூட்டில் மணிக்குக் கால் டிகிரிக்கு மேல் ஏறாது. மாதாந்தரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை நிறுத்தினாலும் 27 என்பது 29 ஆகும், அவ்வளவே. மீன் அதற்கு முன்னால் மூச்சு முட்டித்தான் சாகும். வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரும் ஏர் பம்பும் மட்டும் இருக்கட்டும். சில்லருக்கு 1 கேவிஏ ஸ்டெபிலைசர் வேண்டும், அதுவும் மூன்று நிமிடத் தாமதம் உள்ளது. கோடை மாலையில் வோல்டேஜ் 180க்கு இறங்கும்போதும், போன கரண்ட் உடனே வந்து மறுபடி போகும்போதும் கம்ப்ரஸரைக் காப்பாற்றுவது அந்தத் தாமதம்தான்.

ஏசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாராவது நாள் முழுவதும் ஏசியில் படுத்திருக்கும் அறை என்றால் தொட்டியை அங்கே வையுங்கள், சில்லர் வேண்டாம். காற்று வறண்டுவிடுவதால் சின்ன ஃபேனே போதும், ஆனால் டாப்-அப் கூடும். இரவில் மட்டும் ஏசி ஓடும் அறை மூன்றிலும் மோசம். பகலில் 31, விடியலில் 26 என்று தினமும் ஏறி இறங்கும் தண்ணீரைவிட 29இல் நிலையாக நிற்கும் ஃபேன் தொட்டியே மேல்.

60 லிட்டருக்குக் குறைந்த தொட்டி, அல்லது மாவட்டத்தின் மேற்குப் பக்க ஊர், இந்த இரண்டுக்கும் நானும் ஃபேனையே சொல்வேன். 12 வோல்ட் ஃபேன் இரண்டு மாட்டும்போது மூன்றாவதைப் பிரிக்காத கவரிலேயே எடுத்து வையுங்கள். உப்பு படிந்து பேரிங் இறுகும்போது முதலில் கிரீச்சென்று சத்தம் வரும், அப்போதே மாற்றிவிட வேண்டும்.