விடுபட்ட ஆறாவது கட்டம்: பலூஸ் மைண்ட்ஃபுல்னஸ் எட்டு வாரப் பயிற்சி

சமூக நீதிக்காக உழைப்பவர்கள் மனம் சோர்ந்துபோவதைப் பற்றிப் பேச்சு வந்தால், கூடவே தியானமும் பேச்சில் வந்துவிடும். அப்போது அடிக்கடி சொல்லப்படும் பெயர்களில் ஒன்று பலூஸ் மைண்ட்ஃபுல்னஸ். மைண்ட்ஃபுல்னஸ் என்றால் இந்த நொடியில் நடப்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. டேவ் பாட்டர் என்ற பயிற்றுநர் இணையத்தில் கட்டணமில்லாமல் தரும் எட்டு வாரப் பயிற்சி இது. வீடியோக்கள், வாசிப்புக் கட்டுரைகள், ஒலிப்பதிவுகள், நாள்தோறும் நிரப்ப வேண்டிய தாள்கள் எல்லாம் வாரவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம்.

இதற்கு அடிப்படை எம்.பி.எஸ்.ஆர்., அதாவது மைண்ட்ஃபுல்னஸ் வழியாக மன அழுத்தத்தைக் குறைக்கும் பாடத்திட்டம். ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அதைத் தொடங்கினார். அங்கே வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலிக்காரர்கள், மருந்தாலும் அறுவைச் சிகிச்சையாலும் முழுதாகத் தீராத வலி அவர்களுக்கு. வலி போகாது என்றான பிறகு அதோடு எப்படி வாழ்வது என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்விக்கு இந்தப் பயிற்சி நல்ல பதில் சொல்கிறது. ஆனால் கூலியைப் பிடித்துக்கொள்வதும், பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துவதும், பெண் என்பதால் பேச்சை வெட்டுவதும் தீராத வலிகள் அல்ல. யாரோ செய்கிறார்கள், நிறுத்தவும் முடியும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பயிற்சியில் இறங்குபவர்கள்தான் பாதியில் கசந்துபோய் விலகுகிறார்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு. 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, தியானப் பயிற்சிகள் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைச் சிறிய அளவிலிருந்து மிதமான அளவு வரை குறைக்கின்றன என்றது. பதற்றக் கோளாறு உள்ளவர்களிடம் எம்.பி.எஸ்.ஆர். பயிற்சி, பதற்றத்துக்குத் தரப்படும் எசிட்டலோபிராம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்ததாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டும் அளந்தது ஆளின் நிலையை மட்டுமே. அந்த ஆள் திரும்பிப் போகும் வேலையிடத்தை யாரும் அளக்கவில்லை.

முதல் வாரம் உலர்திராட்சையோடு தொடங்கும். ஒரே ஒரு திராட்சையைப் பார்த்து, உருட்டி, முகர்ந்து, மெல்ல மென்று விழுங்க வேண்டும். பிறகு உடல் வருடல். மல்லாந்து படுத்துக் கால்விரலில் தொடங்கி உச்சந்தலை வரை கவனத்தை நகர்த்திப் போவது, ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். இங்கே ஒரு யோசனை: ஒலிப்பதிவை ஒருமுறை கேட்டு வரிசையைப் புரிந்துகொண்டு, உங்கள் குரலிலேயே தமிழில் பதிந்துகொள்ளுங்கள். குதிகால், கெண்டைக்கால், முழங்கால் மடிப்பு, விலா, பிடரி என்று சொல்லும்போது கவனம் உடனே அந்த இடத்துக்குப் போகிறது. ஆங்கிலத்தில் கேட்டால் பலருக்கு முதலில் சொல் போகிறது, கவனம் பின்னால் வருகிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் பிறகு 15 முதல் 20 விநாடி மௌனம் விடுங்கள். புதிதாகப் பதிபவர்கள் 5 விநாடிகூட விடுவதில்லை, கடைசியில் அது உறுப்புகளின் பட்டியலாக ஆகிவிடும்.

உடல் வருடலில் தூங்கிவிடுவது எல்லோருக்கும் நடப்பது. பெரும்பாலும் அது தூக்கக் கடன்தான், பயிற்சியின் தோல்வி இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைப் பாதி திறந்து, சாப்பாட்டுக்கு முன் செய்தால் சரியாகும்.

தூக்கத்தைவிட முக்கியமான சிக்கல் வேறு. அடி, பாலியல் வன்முறை, காவல் வன்முறை போன்றவற்றைக் கடந்து வந்தவர்களுக்குக் கண்ணை மூடி உடம்புக்குள் இறங்குவது பாதுகாப்பான இடமாக இருக்காது. நெஞ்சு, அடிவயிறு, கழுத்து என்று வரும்போது பழைய நிகழ்ச்சி அப்படியே எழுந்து நிற்கலாம். வியர்க்கும், மூச்சு மேலேறும், சிலருக்கு உடம்பே மரத்துப்போகும். ‘தாங்கிக்கொண்டு தொடருங்கள்’ என்ற அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. கண்ணைத் திறங்கள், தரையில் பதிந்த பாதத்தையோ வெளியே கேட்கும் ஒரு சத்தத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள், நேரத்தை 10 நிமிடமாகக் குறையுங்கள், அந்த உறுப்பைத் தாண்டிப் போங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இப்படி ஆனால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பதுதான் சரி. நேரில் நடக்கும் வகுப்பில் ஆசிரியர் முகத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்க முடியும். தனியாக ஒலிப்பதிவு கேட்பவருக்கு அந்தக் கண் இல்லை. இந்தப் பயிற்சியின் உண்மையான குறை என்று ஒன்றைச் சொன்னால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரத்தின் தாள் ஒன்று முழுப் பயிற்சிக்கும் சமம். கசப்பான நிகழ்ச்சிகளின் குறிப்பேடு அது. நாளுக்கு ஒரு நிகழ்ச்சி, ஐந்து கட்டங்கள்: என்ன நடந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, என்ன உணர்ச்சி, என்ன எண்ணம் ஓடியது, இப்போது எழுதும்போது என்ன தோன்றுகிறது. ஒரு கூட்டத்தில் உங்கள் சொந்த யோசனையை நீங்கள் சொன்னபோது யாரும் கண்டுகொள்ளவில்லை, பத்து நிமிடம் கழித்து மேலதிகாரியின் வாயிலிருந்து வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் கட்டத்தில் ‘தாடை இறுகியது, காது சூடானது’. மூன்றில் ‘அவமானம், கோபம்’. நான்கில் ‘நான் இங்கே யாருமில்லை’. ஐந்தை எழுதும்போதுதான் நான்காவது கட்டத்தில் இருப்பது நடந்த விஷயம் இல்லை, மனம் அதன்மேல் எழுதிய தீர்ப்பு என்று தெரியவரும். இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றவர் இரவில் படுக்கும்போது நிகழ்ச்சியோடு படுக்கிறார், தீர்ப்போடு படுப்பதில்லை. சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கப்பட்டவர்களின் உள்ளே இறங்கியிருப்பது இந்தத் தீர்ப்புகள்தான்.

ஆனால் தாள் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆறாவதாக ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: ‘இதைச் செய்தது யார், இதை மாற்றக்கூடியவர் யார்?’ பதில் ‘யாருமில்லை, மழை வந்தது, வண்டி நின்றது’ என்றால் மூச்சோடு விட்டுவிடலாம். பதிலில் ஒரு பதவியோ, விதியோ, வழக்கமோ வந்தால் அது மூச்சுக்கு அடங்கும் விஷயமல்ல. ஏழு நாள் தாளை எடுத்துவைத்து ஆறாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஒரே பெயரோ ஒரே விதியோ மூன்று முறை வந்திருந்தால் செய்ய வேண்டியது என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. புகார் கொடுக்க நினைப்பவர்கள் இந்தத் தாளையே ஆதாரமாக வைக்கக் கூடாது. தேதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தைகள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றைத் தனி நோட்டில் அன்றே எழுதுங்கள். ‘நான் இங்கே யாருமில்லை’ என்று நீங்கள் உங்களுக்காக எழுதிய வரி, விசாரணையில் ‘இவர் மனநிலை சரியில்லாதவர்’ என்று உங்களுக்கு எதிராகவே திரும்பலாம்.

நான்காவது வாரத்தில் வரும் ஒரு நிமிடப் பயிற்சி களத்தில் நேரடியாக உதவும். நில், மூச்சு விடு, கவனி, தொடர் என்ற நான்கே படிகள். இது கோபத்தை அணைக்கும் கருவி என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். கோபம் இருக்கட்டும், அது அநீதியை அடையாளம் காட்டுகிறது. இந்த ஒரு நிமிடம் வார்த்தையைத் தேர்ந்தெடுக்க நேரம் தருகிறது. வாய்தவறி வந்த ஒரு வசையால் நியாயமான புகார் திசைமாறிப் போவதைக் களத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

ஐந்து, ஆறு வாரங்களில் கடினமான உணர்ச்சிகளும் உரையாடலும் வருகின்றன. உரையாடல் தாளை இருவர் சேர்ந்து நிரப்பினால்தான் பலன். ஒரு நாள் முழுக்க மௌனமாகப் பயிற்சி செய்யவும் பாடத்திட்டம் கேட்கிறது. நாளுக்கு அரை மணி, வாரத்துக்கு ஆறு நாள், கூடவே ஒரு முழு நாள்! இரண்டு வேலை பார்ப்பவருக்கும், வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தனியாகச் சுமக்கும் பெண்ணுக்கும் இந்த நேரம் எங்கிருந்து வரும்? மன அமைதிக்கான நேரமே சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதைப் பாடத்திட்டம் எங்கும் சொல்வதில்லை. முடியாதவர்கள் 10 நிமிடமாகக் குறைத்து ஆறு நாளையும் காப்பாற்றுங்கள். ஞாயிறன்று மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்வதைவிட அது மேல். முழு நாளை விட்டுவிடலாம்.

ஏழாவது வாரம் அன்புத் தியானம். மரபான வரிசை தன்னிடமும் நேசிப்பவரிடமும் தொடங்கி, அறிமுகமில்லாதவர், பிறகு கடினமானவர் என்று போகும். கடினமானவர் என்றதும் தன்னைச் சிதைத்தவரையே நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். பத்துக்கு மூன்று மதிப்பெண் எரிச்சல் தருபவர் போதும். அறிமுகமில்லாதவரோடு நிறுத்திக்கொண்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. மன்னிப்பை வீட்டுப்பாடமாக யாரும் யாரிடமும் கேட்க முடியாது, அதுவும் தவறு செய்தவர் இன்னும் பதவியில் இருக்கும்போது.

இதை ஊழியர்களுக்குப் பரிந்துரைக்க நினைக்கும் அமைப்புகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. பணிச்சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லெய்ட்டரும் அது வேலையின் ஆறு பக்கங்களிலிருந்து வருகிறது என்றார்கள்: வேலைப்பளு, வேலையின்மேல் உள்ள பிடி, கைம்மாறு, கூட்டுறவு, நியாயம், மதிப்பீடுகள். நியாயம் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. பணிச்சோர்வு என்பது வேலையிடம் சார்ந்த நிகழ்வு, நோய் அல்ல என்று உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வகைப்படுத்தியது. ஆறில் எது உடைந்திருக்கிறது என்று பார்க்காமல் தியானச் சுட்டியை மட்டும் அனுப்பினால், ‘உன் கஷ்டத்துக்கு நீயே பொறுப்பு’ என்றுதான் ஊழியர் காதில் விழும். விடுப்பு, வேலை நேரம், பயமில்லாமல் புகார் சொல்லும் வழி, இந்த மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள்.

தனியாகச் செய்வதைவிட மூன்று முதல் ஐந்து பேர் வாரம் ஒருமுறை கூடிச் செய்வது நல்லது. ஒருவர் 4 நிமிடம் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். அறிவுரை இல்லை, குறுக்கீடு இல்லை, பேசியது வெளியே போகாது. மேலதிகாரியும் அவருக்குக் கீழே வேலை செய்பவரும் ஒரே வட்டத்தில் உட்காரக் கூடாது. முதல் கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் முதல் வார ஒலிப்பதிவைக் கேட்டிருந்தால் போதும், தாள் நிரப்பியிருக்க வேண்டியதில்லை.