நாப்பது பேரு கூடுனா எப்படி குரூப் பிரிக்க? ஓபன் ஸ்பேஸா, வேர்ல்ட் கஃபேயா?

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணி "அண்ணே, குளத்து விஷயமா நாப்பது பேரு வாராங்க, எப்படி குரூப் பிரிக்க?"ன்னு கேட்டான். 2023 டிசம்பர் 17, 18 மழை வெள்ளத்துக்குப் பெறவு எங்க தென் மாவட்டப் பக்கம் இந்த மாதிரி கூட்டம் நெறைய, தலைவர் கிடையாது மேடை கிடையாது, ஊர்க்காரங்களா சேந்து கூடுறதுதான். குரூப் பிரிக்க நாலு வழி இருக்கு, நாலையும் செஞ்சு பாத்துட்டேன், அதான் எழுதுதேன்.

முதல்ல ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணிப் பிரிக்கிறது. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும், ஒரே தெருக்காரங்க ஒண்ணா ஒட்டிக்கிட மாட்டாங்க, அதோட சரி. ஒரு குரூப்புக்கு பத்து பேரு வந்தாங்க, அதுல ஒரு அண்ணாச்சி அரை மணி நேரத்துல இருபத்தஞ்சு நிமிஷம் பேசிட்டாரு, நல்ல மனுஷன்தான், யாரும் குறுக்க பேச மாட்டாங்கல்லா. கூட்டம் கலைஞ்சு டம்ளர் கழுவுத எடத்துல நடவுக்குப் போற ஒரு பெரியம்மை எங்கிட்ட மெதுவா சொல்லுதாங்க, "அந்தக் கடைசி மடையில பலகை இறங்கவே மாட்டேங்கு தம்பி, மூணு வருஷமா"ன்னு. அன்னைக்குத் தெரிய வேண்டிய சேதியே அதுதான், கூட்டத்துல அது வரவே இல்ல. எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

அடுத்தது ஓபன் ஸ்பேஸ். 1985ல ஹாரிசன் ஓவன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, ஒரு வருஷம் மெனக்கெட்டு மாநாடு நடத்துனாராம், வந்தவங்க காபி குடிச்ச நேரம்தான் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டாங்களாம், அதுல இருந்து பொறந்தது. யாருக்கு என்ன பேசணுமோ அவங்களே எந்திரிச்சு சொல்லி சார்ட்ல எழுதி சுவத்துல ஒட்டணும், புடிச்ச எடத்துல போய் உக்காரலாம், அங்கன கத்துக்கவும் இல்ல குடுக்கவும் இல்லன்னா எந்திரிச்சு வேற குரூப்புக்குப் போயிரணும். இந்தக் கடைசி விதிதான் இதோட உசுரு, ஆனா நம்மூர்ல வயசுல மூத்தவங்க பேசும்போது எந்திரிச்சா மரியாதை இல்லன்னு ஆயிரும். அதனால தண்ணிப் பானையையும் சுக்குக் காப்பியையும் நட்ட நடுவுல வச்சோம். "தண்ணி குடிச்சிட்டு வாரேன் அண்ணாச்சி"ன்னு எந்திரிக்கலாம், அப்படியே அடுத்த பாயில போய் உக்காந்துக்கிடலாம். வேலை செஞ்சுது. ஆனா தலைப்பு சொல்ல முன்னால வாரது எப்பவும் அதே அஞ்சு பேருதான், பொம்பளைங்க யாரும் வரல, அத சரி பண்ண முந்தின நாளே நாலு வீட்டுல போய் கேட்டு எழுதிட்டு வரணும்.

வேர்ல்ட் கஃபே 1995ல ஹுவானிடா பிரவுன், டேவிட் ஐசக்ஸ் வீட்டுல மழை பேஞ்சதால மேஜை மேஜையா உக்காந்து பேசுனதுல உருவானது. மேஜைக்கு நாலஞ்சு பேரு, இருபது நிமிஷம், பெறவு எல்லாரும் வேற மேஜைக்கு, ஒருத்தர் மட்டும் அங்கனயே இருந்து முன்னாடி பேசுனத புதுசா வாரவங்களுக்குச் சொல்லணும். நமக்கு மேஜைக்குப் பதிலா கோரைப்பாய், பத்தமடை பட்டுப்பாய விரிக்க யாருக்கும் மனசு வராது, சாதா பாய் போதும், நடுவுல ஒரு சார்ட். நாலு பேருக்குள்ளன்னா கூச்சப்படுறவங்களும் வாயத் தொறக்காங்க, அந்தப் பெரியம்மை ஸ்கெட்ச் பேனாவ வாங்கி கால்வாய், மடை, தன் வயல்னு கோடு போட்டுக் காட்டுனாங்க. இதுல எல்லாமே கேள்வியிலதான் இருக்கு. "குளத்தக் காப்பாத்த என்ன செய்யலாம்?"னு கேட்டா பிரசங்கம்தான் வரும், "பிசான நெல்லுக்கு உங்க வயலுக்கு எந்த மடைத் தண்ணி, போன தடவ எத்தன நாள் லேட்டு?"ன்னு கேட்டா விவரம் கொட்டும். மூட்டு வலி உள்ளவங்கள மூணு தடவ எந்திரிச்சு உக்காரச் சொல்லக் கூடாது, நாற்காலி போட்டு அங்கனயே இருக்க விடுங்க, மத்தவங்க அவங்ககிட்ட வரட்டும்.

1-2-4ன்னு ஒண்ணு இருக்கு, ஒரு நிமிஷம் தனியா யோசிச்சு, ரெண்டு நிமிஷம் ஜோடியா பேசி, நாலு நிமிஷம் நாலு பேரா, கடைசில அஞ்சு நிமிஷம் எல்லாரும் சேந்து. மொத்தம் 12 நிமிஷம். தொடக்கத்துக்கு இத விட நல்லது நான் பாக்கல.

முதல் கூட்டத்துக்கு 1-2-4 வச்சு ஆரம்பிச்சு கஃபேக்குப் போங்க, ரெண்டாவது கூட்டத்துல ஆளாளுக்கு ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டு இருக்கும், அப்போ ஓபன் ஸ்பேஸ் வைங்க. ரெண்டுலயும் கடைசில குரூப்புக்காக பேசுறது அதிகம் பேசுனவரா இருக்கக் கூடாது, எத யாரு எந்தத் தேதிக்குள்ள செய்யுதாங்கன்னு மட்டும் சொன்னா போதும். தம்பிகிட்ட எட்டு பாய், எட்டு சார்ட், ஒரு பானைன்னு சொன்னேன், கடைசி மடைப் பக்கம் வயல் உள்ளவங்க வீட்டுக்கு முதல்ல போய் கூப்பிடச் சொல்லிருக்கேன்.