தொராஜியா, தொதொக்கா? குமரி மண்ணுக்கு எந்த மணிப்பூ வேர்?

எங்கள் பக்கம் கிழங்குக்குப் பஞ்சமே கிடையாது. மரச்சீனி, சேனை, சேம்பு, காச்சில், கூவை, தை பிறந்தால் சிறுகிழங்கு. இத்தனை இருக்கும்போது கொரியாக்காரர்கள் சாப்பிடும் மணிப்பூ (பெல்ஃபிளவர்) வேர் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நீலப் பூ, சாப்பிடக்கூடிய வேர், ஒருமுறை விதைத்தால் பல வருடம் நிற்கும் செடி. இதுதான் என்னை இழுத்தது. தக்கலையில் இரண்டு வருடமாக வளர்த்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போட்டியில் இருப்பவை இரண்டு. இரண்டும் ஒரே மணிப்பூக் குடும்பம். ஒன்று தொராஜி. தாவரவியல் பெயர் பிளாட்டிகோடான் கிராண்டிஃபுளோரஸ். மொட்டு காற்று ஊதிய பலூன் மாதிரி உப்பி, பிறகு ஐந்து முனையாக விரியும். இரண்டடி உயரம் நிமிர்ந்து வளரும். இன்னொன்று தொதொக், அதாவது கோடோனாப்சிஸ் லான்சியோலேட்டா. இது கொடி. வெளியே வெளிர் பச்சையும் உள்ளே ஊதாப் புள்ளியுமாகப் பூ தலைகீழாகத் தொங்கும். அழகுக்கு மட்டும் என்றால் தொராஜிதான்.

சரி, வெயிலுக்கு வருவோம். இரண்டுமே குளிர்நாட்டுச் செடிகள். குளிர்காலத்தில் மேல்பகுதி பட்டுப்போய், வேர் மண்ணுக்குள் ஓய்வெடுத்து, வசந்தத்தில் மறுபடி துளிர்ப்பது அவற்றின் பழக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமெல்லாம் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். அந்த ஓய்வு இங்கே முழுதாகக் கிடைக்காது. என் தொராஜி சித்திரை வெயிலில் இலை கருகி நின்றது. காலை வெயில் மட்டும் படும் இடத்துக்குத் தொட்டியை மாற்றியதும் தேறியது. தொதொக் அப்படித் தேறவில்லை. மலைக்காட்டின் நிழலிலும் குளிர்ந்த ஈரத்திலும் வளரும் கொடி அது. பங்குனியிலேயே மஞ்சளாகிப் போய்விட்டது. மாறாமலை, மேல் கோதையாறு மாதிரி உயரமான இடத்தில், கிராம்பு மரத்து நிழலில் யாராவது முயன்றால் அதற்கு வாய்ப்பு உண்டு என்றுதான் நினைக்கிறேன். சமவெளியில் அதை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெயிலைவிடப் பெரிய எதிரி மழை. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இந்த வேர்களுக்கோ தண்ணீர் தேங்கினால் அழுகல்தான். முதல் வருடம் ஜூன் மாதம் விதைத்தேன், முளைத்ததில் பாதிக்கு மேல் தண்டு அழுகிச் சாய்ந்தது. அடுத்த முறை வடகிழக்கு மழை ஓய்ந்த டிசம்பரில் விதைத்தேன். செம்மண்ணோடு சரிபாதி மணல், கொஞ்சம் மக்கிய தென்னை நார்க்கழிவு, ஒன்றரை அடி ஆழமுள்ள தொட்டி. இரண்டுமே சின்ன விதைகள். தொராஜி விதையை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, வெளிச்சம் பட வேண்டும். மேலே தூவி லேசாக அழுத்தி, பூவாளியால் தண்ணீர் தெளித்தால் போதும். மூன்று வாரம் பொறுமை வேண்டும்.

நம் கிழங்குப் பழக்கத்தை மறக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சேனையைத் துண்டு போட்டு நடுகிறோம், மரச்சீனிக் கம்பை வெட்டி ஊன்றுகிறோம். இவை அப்படி இல்லை, கேரட் மாதிரி நேராக இறங்கும் ஆணிவேர். நாற்றைப் பிடுங்கி நட்டால் வேர் கிளைத்துக் கோணிவிடும். அதனால் விதைத்த இடத்திலேயே வளர விட வேண்டும். அப்புறம் காலம். மரச்சீனி பத்து மாதத்தில் கைக்கு வரும். தொராஜிக்கு இரண்டு, மூன்று வருடம், தொதொக்குக்கும் அதே கணக்குதான். வேர் பருக்க வேண்டுமென்றால் தொராஜி மொட்டைக் கிள்ள வேண்டும். எனக்கு அது வலித்தது. நான்கு தொட்டியில் மூன்றைக் கிள்ளினேன், ஒன்றைப் பூக்க விட்டேன்.

சமையலில் மட்டும் தொதொக் ஜெயிக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சென்னையில் ஒரு கொரிய உணவகத்தில் சாப்பிட்டிருக்கிறேன். தோல் சீவி, தட்டித் தட்டையாக்கி, மிளகாய் விழுது தடவிச் சுட்டுத் தந்தார்கள். காட்டு மணமும் நல்ல கடியும் இருந்தது. தொராஜி கசக்கும். காரணம் அதிலுள்ள சபோனின் என்ற கசப்புப் பொருள். தோல் சீவி, நாராகக் கிழித்து, உப்புப் போட்டு நன்றாகப் பிசைந்து, கழுவி ஊறவைத்தால் கசப்பு இறங்கும். நான் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்த அத்தை, "மரச்சீனி அவிச்ச வெள்ளத்த வடிக்கமில்லா மக்களே, அதுமாதிரி தானா?" என்று கேட்டாள். அதேதான். என் வேர்கள் விரல் தடிமன்தான் வந்தன. தேங்காயெண்ணெயில் சின்ன உள்ளி, வற்றல் மிளகாய் தாளித்து வதக்கினோம். கொஞ்சம் கசப்பு மிச்சமிருந்தது, மொறுமொறுப்பு நன்றாக இருந்தது. அத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே குடும்பம்தானே என்று மலையில் காணும் செடி எதையும் தோண்டிச் சாப்பிட்டுவிடாதீர்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் காட்டுப்புகையிலையும் இதே குடும்பம்தான், அது நஞ்சு.

வயிற்றுக்கும் வருமானத்துக்கும் என்றால் சிறுகிழங்கையே போடுங்கள், இந்த இரண்டும் அதன் பக்கத்தில் வராது. மணிப்பூ வேர்தான் வேண்டும் என்றால் தொராஜி, அதுவும் தொட்டியில். நான் இந்த டிசம்பரில் ஆறு தொட்டி விதைக்கப் போகிறேன். தொதொக் விதை மிச்சம் கொஞ்சம் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. மாறாமலைப் பக்கம் நிழலான இடம் வைத்திருப்பவர் கேட்டால் கொடுத்துவிடுவேன்.