ஒன்றா, மூன்றா, ஆறா? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்குப் புகை அலாரக் கணக்கு

மஞ்சக்குப்பமானாலும் லாஸ்பேட்டையானாலும் இப்போது எழும்பும் மெத்தை வீடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கீழே ஹால், சமையலறை, ஒரு பெட்ரூம். ஹாலிலிருந்தே மாடிப்படி. மேலே சின்ன ஹால், இரண்டு பெட்ரூம். படிக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி, சில வீடுகளில் பக்கத்திலேயே சார்ஜில் கிடக்கும் மின்சார ஸ்கூட்டர். இந்த ஒரு வீட்டையே அளவுகோலாக வைத்து, ஒரு அலாரம், மூன்று, ஆறு என்ற மூன்று வழிகளையும் பார்க்கலாம்.

எத்தனை சதுர அடி என்று கேட்டு அலாரம் வாங்கப் போகாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை கதவு சாத்தப்படுகிறது, எத்தனை மாடி, இவை இரண்டுதான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். சாத்திய கதவு புகையையும் மறிக்கும், அலாரச் சத்தத்தையும் மறிக்கும்.

ஒன்றே ஒன்று

ஒன்று மட்டும் வாங்குகிறவர்கள் அதைக் கொண்டுபோய் மாட்டுவது சமையலறையில். நெருப்பு அங்கேதானே இருக்கிறது என்ற கணக்கு. அதைவிட மோசமான இடம் கிடையாது. காய்ந்த மிளகாய் தாளித்தாலே அலறும், வடை சுட்டால் அலறும். பத்து நாளில் யாராவது ஸ்டூல் போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அதன்பின் அது வெறும் பிளாஸ்டிக் தட்டு. அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளித்தான் புகை அலாரம் வர வேண்டும். சாமி அறையில் தினமும் கற்பூரம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி என்றால் அதற்கும் அதே இடைவெளி விடுவது நல்லது.

ஒன்றுதான் முடியும் என்றால் படுக்கும் அறைக் கதவுக்கு வெளியே, ஹால் சீலிங்கில் மாட்டுங்கள். ஒரு பெட்ரூம் லைன் வீட்டுக்கு இது தாங்கும். நாம் எடுத்துக்கொண்ட மாடி வீட்டுக்குத் தாங்காது. மேலே மாட்டினால், கீழே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் தாத்தா பாட்டிக்குக் கேட்காது. கீழே மாட்டினால், மேலே ஏசி ஓடும் அறைக்குள் கேட்காது.

மாடிக்கு ஒன்று, சமையலறையில் ஒன்று

மூன்று என்றால் கீழ் ஹாலில் ஒன்று, மேல் ஹாலில் படி முடியும் இடத்தில் ஒன்று, சமையலறையில் ஹீட் அலாரம் ஒன்று. ஹீட் அலாரத்துக்குப் புகை தெரியாது. சீலிங் அருகே வெப்பம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் ஒலிக்கும். பரவலாகக் கிடைப்பவற்றில் இந்த அளவு சுமார் 57 டிகிரி செல்சியஸ். தாளிப்புக்கு அசையாது, எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் அலறும்.

படிக்கூடு ஒரு புகைபோக்கி மாதிரி. கீழே இன்வெர்ட்டர் பக்கம் வயர் கருகினால் புகை நேராக மேல் ஹாலுக்குத்தான் ஏறும். அதனால் படித்தலைப்பில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். கீழ் ஹால் அலாரம் அதற்கும் சில நிமிடம் முன்பே பிடிக்கும். ஆனால் பிடித்து என்ன பயன்? இந்த அலாரங்கள் 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம் போடும். இடையில் ஒரு மாடியும் சாத்திய கதவும் ஏசி இரைச்சலும் இருந்தால் தூக்கத்தில் இருப்பவரிடம் அதில் என்ன மிஞ்சும்?

அதனால்தான் மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தவையாக இருக்க வேண்டும் என்கிறோம். ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும். கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைத்து வயர் இழுக்க வேண்டாம், வயர்லெஸ் ரகம் போதும். முக்கியமாக, ஒரு கம்பெனியின் அலாரம் இன்னொரு கம்பெனியின் அலாரத்தோடு பேசாது. முதல் அலாரம் வாங்கும்போதே, நாளைக்கு இதே வரிசையில் கூடுதலாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

அறைக்கு ஒன்று

அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 என்ற தீ அலார விதி சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று, படுக்கும் பகுதிக்கு வெளியே ஒன்று, ஒவ்வொரு மாடியிலும் ஒன்று. நம் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் பெட்ரூம் மூன்று, ஹால் இரண்டு, சமையலறை ஹீட் அலாரம் ஒன்று. மொத்தம் ஆறு.

நம் ஊர் விஷயத்தில் இதற்கு இன்னொரு வலுவான காரணம் ஏசி. ஏசியும் ஸ்டெபிலைசரும் தலைமாட்டில் சார்ஜாகும் போனும் அறைக்குள்ளேயே இருக்கின்றன. குளிர் போகாமல் இருக்க ஜன்னல் கதவெல்லாம் இறுகச் சாத்தியாயிற்று. அங்கே தொடங்கும் புகை வெளி ஹாலுக்கு வந்து சேர்வதற்குள் அறைக்குள் மூச்சுவிட முடியாமல் போய்விடும்.

ஆறும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது என்றால் வரிசை இப்படி: முதலில் இரண்டு ஹாலுக்கும் இணைந்த அலாரம். அடுத்து, ஏசி அறைகளில் குழந்தைகளோ வயதானவர்களோ தூங்கும் அறை. பிறகு மற்ற பெட்ரூம்கள். சமையலறை ஹீட் அலாரம் கடைசியில் வரட்டும். அடுப்பு எரியும்போது பெரும்பாலும் ஆள் விழித்துத்தான் இருக்கிறார்.

பத்துக்குப் பத்து அறையில் எங்கே மாட்டுவது?

சீலிங்கின் நடுவில் மாட்டு என்று எல்லாக் கையேடும் சொல்லும். நம் சீலிங்கின் நடுவில் ஃபேன் இருக்கிறது. ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி அலாரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று புகையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சாதாரண 1200 மில்லிமீட்டர் ஃபேனுக்கு நடுவிலிருந்து இறக்கை நுனி வரை 60 சென்டிமீட்டர். ஆக நடுவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ள வேண்டும். பத்தடி அறையில் அந்த ஒன்றரை மீட்டரில் நேரே சுவர் வந்துவிடும்.

வழி மூலைவாட்டத்தில் இருக்கிறது. ஃபேன் கொக்கியிலிருந்து ஒரு மூலையை நோக்கி டேப்பை இழுத்து 155 சென்டிமீட்டரில் புள்ளி வையுங்கள். இரண்டு பக்கச் சுவரும் அங்கிருந்து சுமார் 40 சென்டிமீட்டரில் இருக்கும். சுவரும் சீலிங்கும் சேரும் முனையை ஒட்டினாற்போல் மாட்டினால் புகை சரியாக வந்து சேராது. இந்தப் புள்ளி அதிலிருந்தும் தப்பிக்கிறது. நான்கு மூலைகளில் ஏசி காற்று நேராக அடிக்காத மூலை, பாத்ரூம் கதவிலிருந்து 90 சென்டிமீட்டராவது விலகிய மூலை எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்விட்ச் போர்டிலிருந்து ஃபேனுக்குப் போகும் பைப் சிலாப்புக்குள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்காமல் துளை போட வேண்டாம். துளையிட்டு முடிந்து, தூசி அடங்கி, பெயிண்ட் வேலையும் முடிந்த பிறகே அலாரத்தை உறையிலிருந்து எடுங்கள். சுவரில்தான் மாட்ட முடியும் என்றால் சீலிங்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

எந்த ரகம்?

ஒளி மூலம் புகையைப் பார்க்கும் போட்டோஎலக்ட்ரிக் ரகமே நமக்குப் பொருத்தம். மெத்தையில் விழுந்த கொசுவர்த்திச் சுருள், கருகும் வயர் போன்ற புகைந்துகொண்டே இருக்கும் தீயை இது முந்திப் பிடிக்கும். சமையல் புகைக்கு வீணாக அலறுவதும் குறைவு. அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் வைத்த அயனி ரகம், சட்டென்று கொழுந்துவிடும் தீக்குக் கொஞ்சம் வேகமானது. வீட்டுக்கு அது தேவையில்லை.

வாங்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அலுவலகங்களில் சென்ட்ரல் பேனலோடு இணைக்கும் 24 வோல்ட் டிடெக்டர்களும் பார்க்க இதே வெள்ளை வட்டம்தான், விலையும் குறைவு. ஆனால் பேனல் இல்லாமல் அது வாயே திறக்காது. பேட்டரி போடும் அறை, டெஸ்ட் பட்டன், சத்தம் வரும் துளைகள் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் ஸ்குரூ டெர்மினல்கள் மட்டும் இருந்தால் அது பேனல் ரகம். பெட்டியில் ஈஎன் 14604 அல்லது யூஎல் 217 என்ற தர எண்ணும் இருக்க வேண்டும்.

வெப்ப வரம்பையும் படியுங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பலவற்றில் 4 முதல் 38 டிகிரி வரை என்றுதான் அச்சிட்டிருக்கும். கத்திரி வெயிலில் மேல்மாடி சிலாப்புக்கு அடியில் அது நிற்காது. 50 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று போட்டதை வாங்குங்கள். சீட் கூரை போட்ட அறையில் கூரையை ஒட்டி மாட்டுவதைவிட, 30 சென்டிமீட்டர் கணக்கில் சுவரில் மாட்டுவது மேல்.

கரண்ட் ரகமா, பேட்டரி ரகமா என்ற கேள்விக்கு இந்தக் கரையில் புயல்தான் பதில் சொல்லும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்தபின் கடலூர் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தது. மெழுகுவர்த்தியும் அரிக்கேனும் வீடு முழுக்க எரிவது அந்த நாட்களில்தான். 230 வோல்ட் ரகம் என்றால் உள்ளே மாற்று பேட்டரி கட்டாயம் இருக்க வேண்டும். பேட்டரி ரகத்தில் பத்தாண்டு லித்தியம் உள்ளேயே அடைத்து வருவது சிறந்தது. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் 9 வோல்ட் பேட்டரி முனைகளில் உப்புக் காற்றால் பச்சைப் படிவு ஏறும். அங்கே அடைத்த ரகம் இன்னும் நல்லது.

முற்றம் வைத்த வீடு

புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம் உள்ள பழைய வீடுகளில் தாழ்வாரத்தில் மாட்டிப் பயனில்லை. புகை முற்றத்தின் வழியே வானத்துக்குப் போய்விடும். அறைக்கு ஒன்று என்பதே அங்கு சரி. கட்டை வரிசை தெரியும் மெட்ராஸ் டெரஸ் சீலிங்கில், இரு கட்டைகளுக்கு இடையே உள்ள குழியில் வைக்காமல் கட்டையின் அடிப்பகுதியில் திருகுங்கள். பூச்சி சின்னதாக உள்ளே புகுந்தாலும் நள்ளிரவில் காரணமில்லாமல் அலறும். மாதம் ஒருமுறை வேக்குவம் கிளீனரின் பிரஷ்ஷால் துளைகளைத் துடைத்தால் போதும். கொசு ஸ்பிரேயை அலாரம் பக்கமே கொண்டு போகாதீர்கள். சமையல் எரிவாயுக் கசிவு புகை அலாரத்துக்குத் தெரியாது. அதற்குத் தனி டிடெக்டர் வேண்டும்; எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் அது தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். எல்லோரும் அவரவர் அறையில் கதவைச் சாத்தி, ஏசி, ஃபேன் எல்லாம் ஓடவிட்டுப் படுக்கட்டும். ஒருவர் மட்டும் கீழ் ஹால் அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்தட்டும். எந்த அறையில் சத்தம் மங்கலாகக் கேட்டதோ, அடுத்த அலாரம் அந்த அறைக்கு. பிறகு மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ‘கிக்’ என்றால் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். பின்பக்கம் தயாரிப்புத் தேதி இருக்கும். அதிலிருந்து பத்தாவது ஆண்டை மார்க்கரால் அலாரத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள், அந்த ஆண்டில் புதிது மாட்ட வேண்டும்.