கொச்சி பினாலே: உரையா, தெரு நடையா, கூட்டிப்போய்க் காட்டும் சுற்றா?

ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில் எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று நடக்கும் நவீனக் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலே பார்க்கக் கிளம்புகிறார்கள். கையில் இரண்டு நாள்தான். உரை கேட்கலாமா, தெரு நடையில் சேரலாமா, கலைக்கூடத்துக்குள் கூட்டிப்போய் விளக்கும் சுற்றில் போகலாமா என்று என்னிடம் கேட்டார்கள். 2017 பிப்ரவரியில், மூன்றாவது பினாலே நடந்தபோது, நானும் மச்சானும் மூன்றையும் பார்த்தோம். என் ஓட்டு சுற்றுக்குத்தான்.

வெயில், எர்ணாகுளத்திலிருந்து படகில் ஃபோர்ட் கொச்சிக்குப் போவது எல்லாம் மூன்றுக்கும் பொது. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் உரை. மாலையில், காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து கேட்கலாம். நாள் முழுக்க நடந்த காலுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் நாங்கள் போன உரை முழுக்க ஆங்கிலம். எனக்குப் பாதி புரிந்தது, மச்சானுக்கு அதுவும் இல்லை. முடிவில் கேள்வி கேட்க மைக்கை நீட்டினார்கள். பழகியவர்கள் வாங்கிப் பேசினார்கள். எங்கள் கேள்வி வாயோடு நின்றுவிட்டது. ஒரே ஓர் உரையை வைத்து மொத்தத்தையும் எடைபோடுவது சரியில்லை என்று தெரியும். மலையாளத்தில் நடப்பதாகப் பார்த்துப் போயிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

அடுத்தது சுற்று. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நாங்கள் போனபோது ஆஸ்பின்வால் ஹவுஸ்தான் பினாலேவின் முக்கிய இடம். கடலோரத்தில் இருக்கும் பழைய வணிக நிறுவனக் கட்டடம், பெரிய பெரிய கிடங்குகள். அங்கே ‘ஆர்ட் மீடியேட்டர்’ என்று ஒருவர் நம்மைக் கூட்டிப்போய், ஒவ்வொரு படைப்பின் முன்னாலும் நின்று பேசுவார். எங்களுக்கு வந்தது ஒரு மலையாளிப் பெண். “தமிழ்ல கேட்டாப் புரியுமாம்மா?” என்றார் மச்சான். கேளுங்கள், நான் மெதுவாக மலையாளத்தில் சொல்கிறேன் என்றது அந்தப் பெண். மொழிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

ஒரு கிடங்கு முழுக்க முழங்கால் வரை கடல்நீர். சுவரில் ஆங்கில வரிகள். தண்ணீரில் இறங்கி நடந்தால்தான் மறுமுனைச் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம். சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரிதா செய்தது. யாரும் சொல்லாமல் போயிருந்தால், உப்புத்தண்ணீரில் நடந்தோம் என்று திரும்பியிருப்போம். உப்புத்தண்ணீரைப் பார்க்க எங்கள் ஊர்க்காரர்கள் கொச்சி வரை போக வேண்டியதில்லை.

அந்தப் பெண் சொன்னது இதுதான். 2015-இல் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரியாச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகு கவிழ்ந்து அவனுடைய அண்ணன் காலிப்பும் இறந்துபோனான். அவனை அப்படி யாரும் படம் எடுக்கவில்லை. இந்த அறை அந்த அண்ணனுக்காக.

மச்சான் நாட்டுப்படகு வைத்திருப்பவர். 1990-இல் பதின்மூன்று வயதுப் பையன். இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பங்களைத் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகுகள் திரும்பிப் போன காலம் அது. வந்தவர்களை மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோவதை அவர் கண்ணால் பார்த்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், “அந்தப் பையன் பேரு இதுல எங்கம்மா எழுதியிருக்கு?” என்று கேட்டார். அந்தப் பெண்ணும் எங்களோடு தண்ணீரில் இறங்கி, மறுமுனைச் சுவர் வரை வந்து, பெயர் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். மச்சான் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தனியாக இன்னொரு முறை நடந்து வந்தார்.

நான் சுற்றுக்கு ஓட்டுப் போடுவது இதனால்தான். மனதில் எழும் கேள்வியை அது எழும் இடத்திலேயே, தெரிந்த மொழியில், கூச்சப்படாமல் கேட்க முடிகிறது. நவீனக் கலை பெரும்பாலும் பெயர்ப்பலகையைப் படித்துப் புரிந்துகொள்ளும் சங்கதி இல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அறையே வேறாகிவிடும். உரையில் கேள்வி கடைசிவரை காத்திருக்க வேண்டும். தெரு நடையில் கேட்கலாம், ஆனால் கூட்டம் அதற்குள் அடுத்த முக்குக்குப் போயிருக்கும்.

சுற்றிலும் குறை இருக்கிறது. நமக்குப் பிடித்த இடத்தில் கால் மணி நேரம் நிற்க முடியாது. பிடிக்காத வீடியோ முன்னால் நிற்கத்தான் வேண்டும். அதனால் காலையிலேயே சுற்றை முடித்துவிட்டு, மறுபடி உள்ளே விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு, பிடித்த இரண்டு மூன்று அறைகளுக்கு மதியத்துக்கு மேல் திரும்பப் போங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. வார நாளில் போவது நல்லது. கிளம்பும் முன் மொழியைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். எல்லோருக்கும் எங்களுக்கு வாய்த்த மாதிரி ஆள் வாய்ப்பார் என்று நான் உறுதி சொல்ல முடியாது.

கடைசியாகத் தெரு நடை. சீன வலை, வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த பிரான்சிஸ் தேவாலயம், மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு என்று போகும். இவற்றையெல்லாம் யார் துணையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். சீன வலையை மட்டும் மச்சான் வெகுநேரம் பார்த்தார். கல்லைக் கட்டி எடை சமன்செய்து, அவ்வளவு பெரிய வலையை நாலைந்து பேர் இறக்கி ஏற்றுவது அவருக்குப் பிடித்துப்போனது.

நடையில் நான் எதிர்பார்க்காதது தோபி கானா. ஃபோர்ட் கொச்சியில் சலவைத் தொழில் செய்யும் வண்ணார் சமூகத்தாரின் துறை. முன்னோரை டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டிவந்தார்கள் என்கிறார்கள். கல்தொட்டி, வரிசையாகக் கொடிகள், கரி போட்ட இஸ்திரிப்பெட்டி. துணி தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “எந்த ஊருலேர்ந்து வர்றீங்க?” என்று தமிழிலேயே கேட்டார். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது. வெயில் தாங்காமல் நாங்களும் பாதியிலேயே அறைக்குத் திரும்பிவிட்டோம். அந்த நடையைச் சாயங்காலமாக, முழுதாக, அவரோடு உட்கார்ந்து பேச நேரம் வைத்துக்கொண்டு போயிருந்தால், என் ஓட்டு அந்தப் பக்கம் விழுந்திருக்குமோ என்று இன்றும் தோன்றுகிறது.